‘நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்’ என்று சொன்னால் போதுமா? பணிநீக்கத்துக்கு முன் சட்டம் எதிர்பார்க்கும் நடைமுறைகள் என்ன?

புதுடெல்லி: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வரி மின்னஞ்சல், வாயிற்கதவில் செயல்படாமல் போன அடையாள அட்டை. பணிநீக்கம் இன்று பலருக்கு இப்படித்தான் தெரிய வருகிறது. ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றே ஊழியர்களில் பெரும்பாலானோர் நினைக்கின்றனர். நிர்வாகத்தில் இருப்பவர்கள் பலரும் அவ்வாறே நம்புகின்றனர். இந்தியச் சட்டத்தின் நிலைப்பாடு வேறு. ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் உரிமை முதலாளிக்கு உண்டு. ஆனால், அதற்குரிய காரணமும் நடைமுறையும் இல்லாமல் அந்த உரிமையைப் பயன்படுத்த இயலாது.

தொழில் தகராறுகள் சட்டம் 1947, தொழில் நிலையாணைகள் சட்டம் 1946, தொழிற்சங்கங்கள் சட்டம் 1926 ஆகிய மூன்றுக்கும் மாற்றாக இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020, மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுடன் சேர்த்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. சில வரம்புகளும் காலக்கெடுகளும் மாறியுள்ளன. பணிநீக்கம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளாக வகுத்துத் தந்த அடிப்படை நெறிகளோ மாறவில்லை. அவை என்ன என்பதை இங்கே காணலாம்.

சட்டத்தின் பார்வையில் ‘தொழிலாளர்’ யார்?

முதலில் எழும் கேள்வி இதுதான். உடலுழைப்பு, எழுத்தர் பணி, தொழில்நுட்பப் பணி, செயல்முறைப் பணி, மேற்பார்வைப் பணி ஆகியவற்றைச் செய்வோர் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருகின்றனர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வருவதில்லை. மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறுவோரும் வருவதில்லை. பழைய சட்டத்தில் இந்த வரம்பு ரூ.10,000 ஆக இருந்தது.

மேற்பார்வைப் பணியில் இல்லாத தொழில்நுட்ப ஊழியருக்கோ எழுத்தருக்கோ இந்த ஊதிய வரம்பு பொருந்தாது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பதவியின் பெயரும் முடிவான சான்று அல்ல. ‘மேலாளர்’ என்ற பெயர்ப்பலகை மேசையில் இருந்தாலும், நாள்தோறும் அவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன, பிறருக்கு விடுப்பு அளிக்கவும் அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. சிபா கைகி நிறுவன ஊழியர் தொடர்ந்த வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத் தெளிவுபடுத்தியது.

வெளியேற்றம் ஒன்றல்ல, மூன்று

ஊழியர் வேலையை இழக்கும் வழிகளைச் சட்டம் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, ஒழுங்கீனத்துக்கான தண்டனையாக வரும் பணிநீக்கம். இரண்டு, ஊழியர்மீது குற்றம் ஏதுமின்றி, நிறுவனத்தின் தேவை குறைந்ததால் செய்யப்படும் ஆட்குறைப்பு. மூன்று, ஒப்பந்தக் காலம் முடிவதாலோ ஊழியரே பதவி விலகுவதாலோ ஏற்படும் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் நடைமுறை வேறு. ஒழுங்கீனம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு ஆட்குறைப்பு என்று எழுதுவது, ஆட்குறைப்பு செய்ய விரும்பிக்கொண்டு பதவி விலகல் கடிதம் கேட்பது என்று இவற்றைக் குழப்பும் இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன.

உள்விசாரணை எப்படி நடக்க வேண்டும்?

ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குவதற்கு முன் நடத்தப்படும் விசாரணையே உள்விசாரணை எனப்படுகிறது. அதன் முதல் படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ‘உங்கள் நடத்தை சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தச் செயலைச் செய்தார், அது எந்த விதிக்கு முரணானது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். பதில் அளிக்க நியாயமான கால அவகாசமும் தரப்பட வேண்டும்.

விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் விசாரணை அதிகாரி நியமிக்கப்படுவார். அவர் குற்றம் சாட்டியவராகவோ, அந்த நிகழ்வுக்குச் சாட்சியாகவோ இருக்கக் கூடாது. நிர்வாகத்தின் சாட்சிகள் ஊழியரின் முன்னிலையில் பேச வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், ஆவணங்களைப் பார்வையிடவும், தம் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் ஊழியருக்கு வாய்ப்பு வேண்டும். மேற்கு வங்கத்தின் மீங்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில் 1963-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறியது. குற்றச்சாட்டு என்ன என்பதோடு, அதற்கு ஆதாரமான சாட்சியம் என்ன என்பதையும் ஊழியர் அறிந்திருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஊழியரை அறைக்குள் அழைத்து நாலு கேள்வி கேட்டு அனுப்புவது விசாரணை ஆகாது.

விசாரணை முடிந்து அறிக்கை வந்ததும் அதன் நகலை ஊழியருக்குத் தர வேண்டும். அறிக்கையை எதிர்த்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பை அளித்த பிறகே தண்டனை குறித்து முடிவெடுக்க வேண்டும் என்று, இந்திய மின்னணுக் கழகம் தொடர்பான வழக்கில் 1993-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அரசு, பொதுத்துறை, தனியார் என எல்லா நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என்றும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களில் மட்டும் நடைமுறை சற்று வேறுபடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட உள்ளகக் குழுவே அவற்றை விசாரித்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இரு தரப்புக்கும் தம் வாதத்தை முன்வைக்க வாய்ப்பு தர வேண்டும் என்ற நெறி அங்கும் உண்டு.

‘தானாகவே வேலை போய்விட்டது’ எனலாமா?

அனுமதியின்றித் தொடர்ந்து சில நாட்கள் வராவிட்டால் வேலை தானாகவே முடிந்துவிடும் என்ற விதி பல நிறுவனங்களின் நிலையாணைகளில் காணப்படுகிறது. ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் இந்த வரம்பு 8 நாட்கள். 1980 டிசம்பர் 3 முதல் ஊழியர் வரவில்லை என்று கூறி, நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. ‘நான் நாள்தோறும் சென்றேன், வாயிற்கதவில் தடுத்து நிறுத்தினார்கள்’ என்பது ஊழியரின் வாதம்.

விதி இருந்தாலும் விசாரணை இன்றி அதைப் பயன்படுத்த முடியாது என்று 1993-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வுரிமை என்பது வாழ்வாதார உரிமையையும் உள்ளடக்கியது. எனவே, அதைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், பாதி நிலுவை ஊதியத்துடன் அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டது. இரு தரப்பும் இருவேறு கதைகளைச் சொல்லும்போது எது உண்மை என்று கண்டறிய விசாரணையைத் தவிர வேறு வழியில்லை என்பதை இந்த வழக்கு எடுத்துக்காட்டுகிறது.

இடைநீக்கக் காலத்தில் ஊதியம் உண்டா?

விசாரணை நடக்கும்போது ஊழியரை இடைநீக்கம் செய்ய நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தக் காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் வழங்கப்பட வேண்டும். முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம். அதன் பிறகும் விசாரணை நீண்டு, தாமதத்துக்கு ஊழியர் நேரடிக் காரணம் இல்லை என்றால் 75 சதவீதம். பழைய சட்டத்தில் இருந்த இந்த விகிதம் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. இடைநீக்கம் செய்த நாளிலிருந்து சாதாரணமாக 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் புதிய தொகுப்பு கூறுகிறது.

இந்தத் தொகை சலுகை அல்ல என்பதற்கு கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் நடந்த ஒரு நிகழ்வு சான்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டில் 1985-ஆம் ஆண்டு காவல்துறை சோதனை நடத்தி, தங்கம் கலந்த பொருட்கள் கைப்பற்றப்பட்டதாகக் கூறியது. அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிழைப்பூதியம் வழங்கப்படவில்லை. விசாரணைக்குச் சென்றுவரக் கையில் பணம் இல்லை, உடல்நிலையும் சரியில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்து, 1986-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே குற்றவியல் நீதிமன்றம், சோதனையும் கைப்பற்றலும் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி அவரை விடுதலை செய்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது 1999-ஆம் ஆண்டில். பிழைப்பூதியம் தராமல் ஒருவரை வறுமையில் தள்ளிவிட்டு, அவர் வராத நிலையில் விசாரணையை நடத்தியது அவருடைய தற்காப்பு உரிமையையே பறித்ததாகும் என்று நீதிமன்றம் கூறியது. மீண்டும் பணியில் சேர்க்கவும் உத்தரவிட்டது. சோதனை நடந்த நாளுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஒரு நாள் விடுப்புக்கு வேலையே பறிபோகலாமா?

குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. புத்தாண்டு விடுமுறை ஞாயிறோடு கலந்துவிட்டதால் மறுநாள் தங்களுக்கு விடுமுறை கிடைக்க வேண்டும் என்று கருதி, ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்தின் 11 தொழிலாளர்கள் திங்கட்கிழமை வேலைக்குச் செல்லவில்லை. நிறுவனம் அவர்களைப் பணிநீக்கம் செய்தது. ஒரு நாள் வராததற்கு இத்தகைய தண்டனையை நியாய உணர்வுள்ள எந்த முதலாளியும் விதிக்க மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் கூறியது.

பின்னர் 1971-இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், தண்டனையைக் குறைக்கவும், பணிநீக்கத்தை ரத்து செய்து மீண்டும் வேலை வழங்கவும் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் வெளிப்படையான அதிகாரம் அளித்தது. புதிய தொகுப்பிலும் தீர்ப்பாயத்துக்கு இந்த அதிகாரம் தொடர்கிறது.

அதே வேளையில், விசாரணையில் குறை இருந்தால் ஊழியர் தானாகவே வென்றுவிடுவார் என்று எண்ணுவதும் சரியல்ல. விசாரணையே நடத்தாத நிறுவனமும், குறையுடன் நடத்திய நிறுவனமும் ஊழியரின் குற்றத்தைத் தீர்ப்பாயத்தின் முன் புதிதாக நிரூபிக்க வாய்ப்பு கேட்கலாம் என்பதை ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவன வழக்கில் 1973-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆட்குறைப்புக்கு என்ன நிபந்தனை?

குறைந்தது ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய, காரணம் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும். இல்லையேல் அந்த மாதத்துக்கான ஊதியம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகக் கொடுக்கப்பட வேண்டும். 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருந்தாலே ஓராண்டுப் பணியாகக் கருதப்படும். ஒரே வகைப் பணியில் இருப்போரில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் செல்ல வேண்டும் என்பது பொது விதி. அதிலிருந்து விலகினால் நிர்வாகம் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

புதிய தொகுப்பு, மறுதிறன் பயிற்சி நிதி என்ற ஒன்றைச் சேர்த்துள்ளது. ஆட்குறைப்புக்கு உள்ளான தொழிலாளரின் கணக்கில் 15 நாள் ஊதியத்துக்கு இணையான தொகை 45 நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும்.

மறுபுறம், தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயம், முன்பு 100 தொழிலாளர்கள் உள்ள இடங்களிலிருந்தே தொடங்கியது. இப்போது அது 300 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பும் 300 ஆகிவிட்டது. நிறுவனங்கள் தயக்கமின்றி விரிவடைந்து புதிய வேலைகளை உருவாக்க இது உதவும் என்பது ஆதரவாளர்களின் வாதம். பெரும் எண்ணிக்கையிலான தொழிலாளர்கள் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே தள்ளப்படுவார்கள் என்பது தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு. எழுதப்பட்ட நிலையாணைகள் இல்லாத சிறு நிறுவனத்திலும் விசாரணையின்றித் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதி நெறி நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகத் தொடர்கிறது.

கட்டாயப்படுத்தி வாங்கும் பதவி விலகல் கடிதம்

‘நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகக் கிடைக்கும்’ என்ற பேச்சு பல அலுவலகங்களில் கேட்பதுண்டு. கையெழுத்திட்ட பிறகு, அது விருப்பத்துடன் எழுதப்பட்டது அல்ல என்று நிரூபிக்கும் சுமை ஊழியர்மீதே விழுகிறது. எனவே, அத்தகைய அழுத்தம் வரும்போது உடனடியாக முடிவெடுக்காமல் அவகாசம் கேட்பதும், நடந்ததை அன்றே மின்னஞ்சலில் பதிவு செய்வதும் பயன் தரும். கையெழுத்திட நேர்ந்திருந்தால், தாமதமின்றி எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிப்பது அவசியம். மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டுப் பின்னர் கட்டாயம் என்று சொல்லும் வாதம் வலுவிழக்கும்.

எங்கே முறையிடுவது? எத்தனை நாளுக்குள்?

தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு அளிப்பதே முதல் படி. தனியொருவரின் பணிநீக்கத் தகராறையும் சட்டம் தொழில் தகராறாகவே கருதுவதால், சங்கத்தின் ஆதரவு இல்லாமலும் முறையிடலாம். சமரசம் ஏற்படாவிட்டால் தீர்ப்பாயத்தை நாடலாம். பழைய சட்டத்தில் பணிநீக்க நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்றிருந்த கால வரம்பு, புதிய தொகுப்பில் தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துள்ளது.

பணிநீக்கம் தவறு என்று முடிவானால் இடைப்பட்ட காலத்து ஊதியம் கிடைக்குமா? மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தவறான பணிநீக்கத்தில் நிலுவை ஊதியத்துடன் மீண்டும் பணி என்பதே பொது விதி என்றது. அந்தக் காலத்தில் வேறு வருமானம் இல்லை என்று ஊழியர் கூற வேண்டும். இருந்தது என்று நிர்வாகம் சொன்னால் அதை நிர்வாகமே நிரூபிக்க வேண்டும். தினக்கூலி, குறுகிய காலப் பணி போன்றவற்றில் மீண்டும் வேலைக்குப் பதிலாக ஒட்டுமொத்த இழப்பீடு வழங்கும் தீர்ப்புகளும் உள்ளன.

வழக்கு ஒருபுறம் நடந்தாலும், உழைத்த ஊதியத்தை நிறுத்தி வைக்க முடியாது. நீக்கம், ஆட்குறைப்பு, பதவி விலகல் எதுவாயினும் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. பணிநீக்கம் செய்யப்பட்டார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணிக்கொடை தானாகவே பறிபோவதும் இல்லை. சொத்துச் சேதம், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே அதை நிறுத்த இயலும். நிலையான கால ஒப்பந்த ஊழியர்களுக்கு, ஓராண்டுப் பணியிலேயே பணிக்கொடை உரிமை கிடைக்கிறது.

‘தொழிலாளர்’ வரையறைக்குள் வராதவர்களின் நிலை?

உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்குப் பணி ஒப்பந்தமே முதன்மையான ஆதாரம். தனியார் நிறுவனத்தை மீண்டும் வேலை தருமாறு உரிமையியல் நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. அறிவிப்புக் காலத்துக்கான தொகை போன்ற இழப்பீடே கிடைக்கும். கடைகள், அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு மாநிலச் சட்டங்கள் கூடுதல் பாதுகாப்பு தருகின்றன. டெல்லியில் மூன்று மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை ஒரு மாத அறிவிப்போ அதற்கான ஊதியமோ இன்றி நீக்க முடியாது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆறு மாதம் பணியாற்றியவரை நீக்க, அறிவிப்புடன் நியாயமான காரணமும் வேண்டும்.

அரசு நிறுவனங்களில் ஒப்பந்த வாசகத்துக்கும் எல்லை உண்டு. காரணமே கூறாமல் மூன்று மாத அறிவிப்பில் நிரந்தர ஊழியரை நீக்கலாம் என்ற மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகத்தின் விதியை 1986-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. பேரம் பேசும் வலிமையற்ற ஒருவர், வேறு வழியின்றிக் கையெழுத்திட்ட நியாயமற்ற நிபந்தனையை அப்படியே ஏற்க இயலாது என்பதே அதன் அடிப்படை.

நிர்வாகத்துக்கும் இதில் பாடம் உண்டு

இந்த நடைமுறைகள் ஊழியருக்கு மட்டுமே சாதகமானவை என்று தோன்றலாம். நீதிமன்றத்தில் தோற்கும் நிறுவனங்கள் பல, சரியான காரணத்தைக் கையில் வைத்திருந்தும் அதை உரிய நேரத்தில் எழுதி வைக்காததாலேயே தோற்கின்றன. திறன் குறைவையும் ஒழுங்கீனத்தையும் பிரித்துப் பார்ப்பது, எச்சரிக்கையைத் தேதியுடன் எழுத்தில் தருவது, முன்னேற அவகாசம் அளிப்பது, புகார் கொடுத்தவரையே விசாரணை அதிகாரியாக்காமல் இருப்பது, ஒரே தவறுக்கு ஒருவருக்கு ஒரு தண்டனை மற்றொருவருக்கு வேறு தண்டனை என்றில்லாமல் நடந்துகொள்வது ஆகியவை செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. இவற்றைச் செய்யாமல் விட்டால், பல ஆண்டு ஊதியத்தை வேலை வாங்காமலே ஒரே தவணையில் கொடுக்கும் நிலை வரலாம்.

ஊழியர்கள் தம் பங்குக்குப் பணி நியமன ஆணை, ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு, முக்கிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. குறிப்பாணை வந்தால் பதில் தராமல் இருப்பதும், விசாரணையைப் புறக்கணிப்பதும் எதிர்த் தரப்புக்கே சாதகமாகும். ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், மறுநாளும் பணிக்குச் செல்ல முயன்றதையும், காரணம் கேட்டதையும் கடிதமாக அனுப்பிப் பதிவு அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். 8 நாள் வரவில்லை என்று நிறுவனமும், வாயிலில் தடுத்தார்கள் என்று ஊழியரும் சொன்ன அந்த வழக்கைப் போல, வாதம் எதிர்வாதமாக மாறும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடிதமாகவே இருக்கும்.